பொங்கலுக்கு வரும் நீர்மூழ்கிக்காரர்

என் ஆசை அப்பாவுக்கு,

நாளைக்குப் பொங்கல். மெல்பேர்னில், டண்டினோங் வீட்டுக் குசினியில் அம்மா பயறு வறுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நாளைக்கு ஒரு விருந்தாளி வருகிறார், அப்பா. உங்கள் தோணியைக் கடைசியாகப் பார்த்த மனிதர்.

இதை யார் வாசித்தாலும் சரி, அம்மாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டிவிடாதீர்கள். அவருக்குக் கண் மங்கி எழுத்துத் தெரிவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அது எனக்கு வசதி.

நீங்கள் போகும்போது எனக்கு மூன்று வயது. உங்கள் முகம் படத்தில் பார்த்த முகம்தான். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் மாலைதீவுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு பாயெடுத்துப் புறப்பட்ட தோணி, அதை ஓட்டிய தண்டையலான நீங்கள், உங்களோடு போன ஆட்கள், ஒருவரும் திரும்பவில்லை. உடல் இல்லை, செய்தி இல்லை, நாளும் தெரியாது.

நாள் தெரியாவிட்டால் என்ன, ஆடி அமாவாசைக்கு விரதம் பிடிக்கலாம் என்று ஊர் சொன்னது. அம்மா ஒரே கேள்விதான் கேட்டார்: “அவர் செத்தவரெண்டு ஆர் உங்களுக்குச் சொன்னது?” ஊரெல்லாம் தகப்பன்மாருக்காக விரதமிருக்கிற அன்றைக்கு எங்கள் வீட்டில் மட்டும் மீன்குழம்பு கொதிக்கும். தாலியும் பொட்டும் அப்படியே இருந்தன. இன்றைக்கும் இருக்கின்றன. கலியாண வீடுகளில் பெண்டுகள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அம்மா அவர்களைவிடப் பெரிய பொட்டாக வைத்துக்கொண்டு போவார்.

இனி விருந்தாளிக்கு வருகிறேன். நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் கார்ல் என்றொரு ஜெர்மன்காரர் லேத் மெஷினில் நிற்கிறார். ஐம்பது தாண்டியவர். காலைத் தேநீர் இடைவேளையை இங்கே ஸ்மோக்கோ என்பார்கள். அந்த நேரத்தில் அவர் வாலிபத்தில் ஓடிய நீர்மூழ்கிக் கப்பலின் கதையை எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லி வந்தார். எனக்கு எஞ்சின் என்றால் பைத்தியம். ஆழமறியாமல் காலை விட்டேன்.

கீல் துறைமுகத்தில் கட்டி இறக்கிய நாளிலேயே அதில் ஏறியவராம். பால்டிக் கடலில் பயிற்சி. பிறகு அட்லாண்டிக்கில் இரண்டு ஓட்டம். மேலே வந்தால் டீசல், கீழே போனால் பற்றரி. ஒருவர் எழும்பிய சூட்டோடு அதே படுக்கையில் அடுத்தவர் படுக்க வேண்டும். தின்னும் பாணில் பூஞ்சணம். எதிரிக் கப்பல்கள் மேலிருந்து பீப்பாய் பீப்பாயாக வெடிகளைப் போடும்போது விளக்கெல்லாம் அணைந்து, இருமலைக்கூட விழுங்கிக்கொண்டு கிடப்பார்களாம். எதிரியாக இருந்தவர்தான். ஆனாலும் எனக்கு அந்தப் பொடியன்கள் பிழைக்க வேண்டும் போலிருந்தது.

பிறகு கதை தெற்கே திரும்பியது. பிரான்சிலிருந்து புறப்பட்டு, ஆபிரிக்காவின் அடியைச் சுற்றி, நடுக்கடலில் இன்னொரு கப்பலிடம் எண்ணெய் வாங்கிக்கொண்டு, இந்து சமுத்திரத்துக்குள் வந்தார்களாம். ஜப்பான்காரர் பிடித்து வைத்திருந்த பினாங்குதான் போய்ச் சேரவேண்டிய இடம். கார்ல் விரலைத் தேநீரில் தொட்டு மேசையில் படம் கீறினார். விரல் மாலைதீவுப் பக்கம் வந்ததும் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தேன். எழும்பிப் போயிருக்கலாம். போனேனா?

“அங்கே பெரும்பாலும் சின்னப் பாய்க்கப்பல்கள்தான்,” என்றார். “அவற்றுக்கு டோர்பிடோவை வீணாக்க மாட்டோம். பேசாமல் போகவிடுவோம். ஒன்றை மட்டும் விடவில்லை.”

“ஏன்?”

“நான்தான் காவல். தூரக்கண்ணாடியில் பார்த்தேன். அதன் பாய்மரத்தில் பச்சையாக, நீளமாக ஏதோ கட்டியிருந்தது. உச்சியில் இலைகள். வானொலிக் கம்பியை மறைத்து வைத்திருக்கிறார்கள், நாங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுவார்கள் என்று நான்தான் கத்தினேன். பீரங்கியால் அடித்தோம். ஆட்கள் தண்ணீரில் குதித்ததைக் கண்டேன். அதற்குள் விமானச் சத்தம். கீழே போய்விட்டோம். பிறகு மேலே வந்து பார்த்தபோது கடலில் ஒன்றும் இல்லை.”

எந்த மாதம் என்று கேட்டேன். ஜனவரி நடுப்பகுதி என்றார்.

அப்பா, அது கரும்பு.

அந்தக் கதை நான் கேட்டுக் காது புளித்த கதை. பொங்கல் முடியட்டும் என்று மற்றத் தோணியெல்லாம் கரையில் நிற்க, நீங்கள் மட்டும் அவசரப்பட்டுப் பாயெடுத்தீர்கள். அம்மாவுக்கும் உங்களுக்கும் பெரிய சண்டை. கடைசியில் புதுப்பானையையும் ஒரு கட்டுக் கரும்பையும் தோணியில் ஏற்றிவிட்டு, “நடுக்கடலெண்டாலும் பொங்கவேணும்” என்றாராம் அம்மா. வேறு எந்தத் தோணியில் அன்றைக்குப் பாய்மரத்தில் கரும்பு நின்றிருக்கும்?

கார்லிடம் சொன்னேன். அந்த இலை என்ன, அந்தத் தண்டையல் யார் என்று. கோப்பையை வைத்துவிட்டுப் போய் லேத்துக்கு முன்னால் நின்றார். மெஷினைப் போடவே இல்லை. அந்த நீர்மூழ்கி பிறகு சரணடைந்ததையும், பிரித்தானியர் அதை இழுத்துக்கொண்டுபோய்க் கடலிலேயே அமிழ்த்தியதையும் முன்பொரு நாள் கண்கலங்கச் சொல்லியிருந்தார். இந்த முறை கண்ணில் தண்ணீரும் வரவில்லை. அடுத்த நாள் வந்து கேட்டார்: “உன் அம்மா இருக்கிறாரா?”

அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். ஒரு நீர்மூழ்கி, ஒரு தோணி, மாலைதீவுப் பக்கம், தைப்பொங்கல் காலம். ஏன் சுட்டார்கள் என்பதை விழுங்கிவிட்டேன். அம்மா அதைக் கேட்கவுமில்லை. அவர் கேட்டது வேறு.

“கரும்பைக் கண்டவையோ?”

இல்லை என்றால் அம்மா இன்னும் காத்திருப்பார். ஓம் என்றால் எல்லாம் முடிந்தது. 

“ஓம், அம்மா. பாய்மரத்தில கட்டியிருந்ததாம்.”

அம்மா மெதுவாகக் கதிரையில் இருந்தார். “அப்ப கட்டினவர்,” என்றார். “கோவத்தில கடலுக்க எறிஞ்சிருப்பாரெண்டுதான் இவ்வளவு காலமும் நினைச்சுக்கொண்டிருந்தனான்.” முகம் மலர்ந்ததா, உடைந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு, “கரும்பு கட்டினதெண்டா அது பொங்கலண்டைக்குத்தான். இனி நாள் தெரியும்தானே. திதியை நீ செய். பொட்டு என்ர பாடு,” என்றார். எழும்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “அந்த மனிசனைப் பொங்கலுக்குக் கூப்பிடு. உன்ர அப்பாவைக் கடைசியாக் கண்ட ஆள். அவற்ற வாயாலயே கேக்கவேணும்.”

இதுதான் என் இக்கட்டு. கார்லிடம் போய், அந்தக் கம்பிக் கதையை மட்டும் விட்டுவிடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் பிடிவாதக்காரர். “கத்தியது நான். அதைச் சொல்லாவிட்டால் வேறு எதைச் சொல்ல வருகிறேன்? சாப்பிடவா?” என்றார். அவர் பக்கம் நியாயமில்லை என்று சொல்ல முடியுமா? ஆனால் அம்மா அன்போடு ஏற்றிவிட்ட கரும்புதான் உங்களைக் காட்டிக்கொடுத்தது என்பதை இந்த வயதில் அவர் எப்படித் தாங்குவார்? நீங்கள் என்றால் என்ன செய்திருப்பீர்கள், அப்பா?

நாளைக்கு வெயில் கொளுத்துமாம். வெளியே நெருப்பு மூட்டத் தடை என்று வானொலியில் சொல்லிவிட்டார்கள். காஸ் அடுப்பில்தான் பொங்கல். குசினி மேசையில் ஒரு பக்கம் கார்ல், மறுபக்கம் அம்மா. கார்லுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான் ஒருவன். கார்ல் அழுதுவிட்டால்? கையை உயர்த்தி அந்தக் கம்பியைக் காட்டினால்? அதை எப்படி மொழிபெயர்ப்பேன்? அம்மா சொல்லைவிட முகத்தைத்தான் பார்ப்பவர். என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

ஆனாலும் உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். உங்கள் திதியை இனி ஒரு வருஷமும் விடமாட்டேன். நாளைக்குக் கார்ல் என்ன சொன்னாலும், அம்மா என் பக்கம் திரும்பி “என்னவாம்?” என்று கேட்கும்போது நான் சொல்லப்போவது இதுதான்: “கனதூரத்திலயே கரும்பு பச்சைப்பசேலெண்டு தெரிஞ்சதாம், அம்மா. முதல்ல கண்டது தானாம்.”

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை, அப்பா.

உங்களைவிட வயதில் மூத்துவிட்ட,
உங்கள் மகன்