ஈரத்துக்குக் கழித்த எடை

1956 பெப்ரவரி 6, திங்கள்

மூன்றாம் முறையாகக் கட்டுரையின் முதல் பக்கத்தைத் திருத்தினேன். ஐந்து வருடத்தில் இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த இருநூற்றுப் பன்னிரண்டு குழந்தைகளின் எடை. மழை மாதத்துப் பிள்ளைகள் ஒன்றேகால் ராத்தல் குறைவு. பிள்ளைத்தாய்ச்சிகள் கடைசி வாரம் வரை நனைந்து கொழுந்து பறிப்பதே காரணம் என்று எழுதியிருக்கிறேன். கொழும்பு வைத்திய சஞ்சிகையில் அச்சானால், ஏழாம் மாதத்திலிருந்து இலகு வேலை கொடுக்கும்படி துரையிடம் கேட்கலாம். இப்போது கேட்டால், நீ டிஸ்பென்சர், மருந்து கலக்கினால் போதும் என்கிறார்.

பெப்ரவரி 9

மார்கிரட் நல்ல பிரதி எழுதித் தருகிறாள். டீச்சர் கையெழுத்து, என் கோழிக் கிறுக்கலை எந்த ஆசிரியர் படிப்பார்?

நூற்று நாற்பதாவது வரி: 1953 ஜூலை, பெண், நான்கு ராத்தல், மூன்றாம் நாள் மரணம். எங்கள் ஐவி. அந்த வரியை நான் எழுதுகிறேன் என்றேன். வேண்டாம் என்று அவளே எழுதினாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

பெப்ரவரி 10

இதை இதுவரை எழுதியதில்லை. இரண்டாம் நாள் ஐவிக்கு மூச்சு இழுத்தது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போகத் தோட்டத்து லொறி வந்து நின்றது. நான்தான் வேண்டாம் என்றேன். நாலு ராத்தல் பிள்ளை அந்தக் குளிரில் பாதி வழி தாங்காது. யாராயிருந்தாலும் அப்படித்தான் முடிவெடுத்திருப்பார்கள்.

பெப்ரவரி 18

ஆஸ்பத்திரி டாக்டர் றோலண்ட் கட்டுரையைப் படித்துவிட்டார். நல்ல கட்டுரையாம். ஆனால் எடை பார்த்த முறை ஒரே வரியில் இருக்கிறது. எந்தத் தராசு, துணியோடா இல்லாமலா, துணிக்கு எவ்வளவு கழித்தது – விவரம் இல்லாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களாம். அரை நாள் வேலை.

பெப்ரவரி 20

மருத்துவிச்சி வீரம்மாவைக் கேட்டேன். தொழிலாளர் லயத்தில் பிரசவம் பார்ப்பவள் அவள்தான். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒதுக்கிய பழைய தராசில், துணியோடு பிள்ளையைத் தொங்கவிட்டு எடை சொல்வாள். நான் சீட்டில் எழுதிக்கொள்வேன்.

“வெயில் நாள்ல துணிக்குக் கால் ராத்தல் கழிப்பேங்க. மழைன்னா ஈரத்துக்கும் சேத்து ஒன்னரை. மடுவத்துல எங்க கொழுந்துக்குக் கழிக்கிற மாதிரிதாங்க ஐயா.”

முப்பது வருடம் கொழுந்துக் கூடையை அந்தத் தராசில் மாட்டியவள். மழை என்றால் கழிக்க வேண்டும், அதுதான் சரியான எடை என்று நம்பியிருக்கிறாள். அடுப்படியில் காய்ந்த துணிக்கும் கழித்திருக்கிறாள். அவளைத் திட்ட வாய் வரவில்லை. ஐந்து வருடத்தில் ஒரு நாளாவது நான் கேட்டேனா?

ஒன்றரையில் கால் போனால் ஒன்றேகால். என் கண்டுபிடிப்பு அவ்வளவுதான். கட்டுரை போயிற்று.

பெப்ரவரி 21

ஐவிய வீரம்மா நிறுத்த அன்னைக்குக் கொட்டுற மழை. நாலும் ஒன்னரையும் – துணியப் போக்கினாலும் அஞ்சேகால். அஞ்சேகால் ராத்தல் பிள்ளை நுவரெலியா வரைக்கும் தாங்கியிருக்குமே. லொறி வாசல்ல நின்னுச்சே. ஐயோ, நான்தானே வேண்டாம்னேன்.

மார்ச் 3

கட்டுரையை அனுப்பவில்லை என்று டாக்டரிடம் சொன்னேன். ஆஸ்பத்திரித் தராசு ஒன்றை இரவல் தந்தார். இனித் துணியில்லாமல், நானே பார்ப்பேன். மறுபடியும் ஐந்து வருடம். அதுவரை அவர்கள் நனைந்துகொண்டுதான் பறிப்பார்கள்.

மார்ச் 7

ஏன் தபாலில் போடவில்லை என்று மார்கிரட் கேட்கிறாள். சிறு திருத்தம் என்றேன்.

மார்ச் 11, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் சொல்லிவிட்டேன், கழிவையும் லொறியையும் எல்லாவற்றையும். அவள் அழவில்லை. முக்காட்டை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

“அவ கனம் எனக்குத் தெரியுங்க. அன்னைக்கே சொன்னேன், பிள்ளை கனமாத்தான் இருக்கா, கொண்டு போயிரலாம்னு. நீங்க சீட்டக் காட்டுனீங்க.”

சொன்னாளா? எனக்கு நினைவே இல்லை. 1953 நாட்குறிப்பை எடுத்துப் பார்த்தேன். எடை இருக்கிறது. மூச்சு எண்ணிக்கை இருக்கிறது, மணி வாரியாக. எத்தனை அங்குலம் மழை என்பது கூட இருக்கிறது. மார்கிரட் சொன்னது ஒரு வரியும் இல்லை.