பேகத்தின் கழுத்துக் கட்டி

முதல் மாடி, மயிலாப்பூர்
8 ஜூலை 2025

அன்புள்ள ஜமீலுன்னிசா அவர்களுக்கு,

"இந்தப் பூனைக்கு வேறு யாராவது கழுத்தில் ஊசி போட்டார்களா?" கால்நடை மருத்துவர் தாரணி இன்று இப்படிக் கேட்டார். இருபத்திரண்டு வருடமாகக் கல்லூரியில் மற்றவர்களைக் கேள்வி கேட்பவள், திருதிருவென்று விழித்தேன்.

நம் மாடிப்படிப் பூனையின் பிடரியில் சுண்டைக்காய் அளவு இருந்த கட்டி நெல்லிக்காய் ஆகிவிட்டது. புற்றாக இருக்கலாம், நாளையே மயக்க மருந்து கொடுத்துச் சதையை வெட்டிப் பரிசோதிக்கலாம் என்கிறார். ஜூன் முதல் வாரம் நான் ஒரு தடுப்பூசி போட்டது உண்மை. ஒரு ஊசிக்கு இவ்வளவு வீங்காதாம். வேறு ஊசியும் போட்டிருந்தால் வெட்ட அவசரமில்லை, முதலில் மெல்லிய ஊசியால் உறிஞ்சிப் பார்க்கலாம் என்றார்.

பூனைக்காக நீங்கள் படியில் போட்ட மீன்முள்ளால் வந்த சண்டைக்குப் பிறகு என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டீர்கள். அதனால் இந்தத் தாள். பதிலை என் கதவிடுக்கில் செருகவும்.

வைதேகி


தரைத்தளம்
அன்று சாயங்காலம்

வைதேகி டீச்சருக்கு,

மாடிப்படிப் பூனையா? அது எங்க பேகம்! உங்க வீட்ல தயிர்சாதம் தின்னுட்டு வந்து, எங்க சங்கரா மீனப் பாத்தா எப்டி அழுவுது தெரியுமா?

உங்களுக்கு நான் ஏன் பதில் சொல்லணும்னு அரை மணி நேரம் உக்காந்து யோசிச்சேன். தையல் மிஷின்ல கை ஓடல. சொல்லிடறேன். ஜூன் பத்தாம் தேதி அடையாறுக்குக் கூட்டிட்டுப் போயி நானும் ஒரு ஊசி போட்டேன், அதே பிடரியில. கிட்ட போனாலே சீறுறவ, அன்னிக்கி டாக்டரப் பாத்ததும் தானா தலையக் குனிஞ்சா. என்னா புத்திசாலின்னு பெருமைப்பட்டேன். பழக்கம்னு இப்பத்தான் புரியுது.

யா அல்லா, நம்ம வீம்புக்கு அவ கழுத்து என்னா பாவம் பண்ணுச்சு? வெட்ட விடாதீங்க. நாளைக்கு தி.நகர்ல கல்யாண பிளவுஸ் குடுக்கணும், இல்லாட்டி நானே வந்துருப்பேன். முடிஞ்சதும் எழுதுங்க. பிளாக்க எடுக்க மாட்டேன், அது வேற விஷயம்.

ஜமீலுன்னிசா


9 ஜூலை

அன்புள்ள ஜமீலா,

வெட்டவில்லை. மெல்லிய ஊசியால் உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவி, அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அந்த இருபது நிமிடம் நான் சுவரிலிருந்த உண்ணி விளக்கப் படத்தைப் பதினோரு முறை படித்தேன். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, "புற்றணுக்கள் தெரியலை. வீக்கம்தான். ஆனா வாராவாரம் அளந்து எழுதி வைங்க. ரெண்டு மாசத்துல கரையலைன்னா வெட்டித்தான் பாக்கணும்," என்றார். அட்டையில் எழுதப் பூனையின் பெயர் கேட்டபோது பேகம் என்று சொன்னேன். எனக்கே ஆச்சரியம்.

திரும்பி வந்து கூடையைத் திறந்ததும் நம் வாட்ச்மேன் சேட்டு பூனையிடம் ஓடி வந்தார்.

"இன்னா சொர்ணம், எங்க பூட்ட? தேடிக்கினே கீறேன்!"

கட்டி விஷயத்தைச் சொன்னேன். தலையைச் சொறிந்தார்.

"மேடம், போன மாசம் தெருமுனைல நாய், பூனைக்கு ஊசி கேம்ப் போட்டாங்கோ இல்ல? ஓசில போட்றாங்கோன்னு நானும் இதுக்கு ஒண்ணு போட்டுக்கினு வந்தேன்."

உடனே டாக்டருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பூனை அதற்குள் உங்கள் வாசலில் போய்ப் படுத்துவிட்டது. இதை அங்கே நின்றுதான் எழுதுகிறேன். தி.நகரிலிருந்து திரும்பிவிட்டீர்கள் போல, உள்ளே உங்கள் மிஷின் ஓடும் சத்தம் கேட்கிறது. கதவைத் திறங்கள்.

வைதேகி