கழிசல் கல்லுக்கு வந்த கிராக்கி

செப்டம்பர் 28, ஞாயிறு

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவே மெயின் ரோட்டோரம் இயங்கும் எங்கள் கல்மாவு மில்லின் தராசில் ஷமீர் ஆகிய நான் இன்று காலை ஏறி நின்றதில், காலாண்டு விடுமுறையில் என் எடை ஒரு கிலோ கூடியிருப்பது கண்டறியப்பட்டது. அதில் பாதி தலைமுடியில் படிந்த கோலமாவு என்று எதிர்க்கட்சி (தங்கை சப்ரீன்) கூறுவதை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

இரண்டாவது செய்தி சின்னது. நம் கழிசல் குன்றை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார்.

கழிசல் என்றால் கழிசல்தான். லாரியில் வரும் வெள்ளைக் கல்லில் மஞ்சள், காவி, கறுப்பு ஓடியதை எல்லாம் வேலுத்தாய் அக்காவும் மற்ற பெண்களும் பொறுக்கிப் பின்னால் எறிவார்கள். ஒரு மஞ்சள் கல் அரவைக்குள் போனால் அந்த மூட்டை மாவு முழுதும் பழுப்பாகிவிடும். எறிந்து எறிந்து அது கல் காயப்போடும் களத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. மழைக்கு முன்னால் அதை எடுத்தால்தான் போதுமான கல்லைக் காயவைத்து மார்கழிக் கோலத்துக்கு மாவு அரைக்க முடியும். மார்கழி வியாபாரம்தான் எங்களுக்கு வருஷச் சாப்பாடு. ஆனால் அள்ள லாரி வாடகை வேண்டும், கொட்ட இடம் வேண்டும். அத்தாவிடம் (அப்பாதான்) இரண்டும் இல்லை.

வந்தவர் பெயர் பிரேம்குமார், ராஜபாளையம். லாரி அவருடையதாம், ஏற்றுகூலி அவருடையதாம், அதற்கு மேல் லோடுக்கு எண்ணூறு ரூபாய் தருவாராம்.

“இத வச்சு என்ன தம்பி பண்ணப் போறீங்க?” என்று அத்தா கேட்டார்.

“சும்மா, ஒரு வேலைக்குண்ணே.”

குப்பைக்குக் காசு தருகிறவர், காரணத்தை மட்டும் இலவசமாகக்கூடத் தரவில்லை. இது சரியில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

மறுபடி வந்தார். களத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக எடுத்து, கட்டை விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்து, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தண்ணீர் பாட்டிலைத் திறந்து குன்றின் மேலேயே ஊற்றினார். நான் தூணுக்குப் பின்னால். அவர் துப்பிப் பார்க்கிறார், நான் துப்பறிகிறேன்.

வேலுத்தாய் அக்கா கேட்டாள்: “ஏலே ஷமீரு, அந்தாளு என்ன, கல்லுக்கு மொகம் கழுவி விடுதான்?”

நண்பன் ஆல்வினிடம் சொன்னேன். அவன் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து ஞானி, போனில் தேடிவிட்டுச் சொன்னான்: “லித்தியமா இருக்கும்ல. பேட்டரிக்கு. ஒலகமே அடிச்சுக்கிடுது.”

லித்தியம்! எங்கள் களத்தில்! எண்ணூறு ரூபாய்க்கு!

அக்டோபர் 2, வியாழன்

அத்தாவிடம் சொன்னேன். “போலே, போய்ப் படி” என்றார். சாயங்காலம் பார்த்தால், ஒரு சொம்புத் தண்ணீரோடு அவரே களத்தில் நிற்கிறார். கல்லை நனைத்துப் பார்க்கிறார். என்னைக் கண்டதும் அந்தத் தண்ணீரில் கால் கழுவிக்கொண்டார். எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 4, சனி

மாதிரிக்கு ஒரு சாக்குக் கல் எடுக்க நாளை வருகிறாராம். பொறி தயார். ஆல்வின் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு அடித்ததில் மிஞ்சிய தங்க ஸ்ப்ரே. அவர் வழக்கமாக உட்காரும் பக்கத்தில் ஏழெட்டுக் கல்லில் லேசாக, கோடு கோடாக அடித்திருக்கிறேன். உலோகம் தேடி வந்தவர் என்றால் முகம் காட்டிக்கொடுத்துவிடும். என் மூளையைக் கண்டு எனக்கே பயமாக இருக்கிறது.

அக்டோபர் 5, ஞாயிறு

எடுத்தார்! தங்கக் கல்லைக் கையில் எடுத்து, நகத்தால் சுரண்டி, மூக்கருகே வைத்து முகர்ந்து, சாக்கில் போட்டுக்கொண்டார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. அசையாததுதான் பெரிய சந்தேகம்.

ஸ்ப்ரேயை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எல்லாம் அத்தாவிடம் ஒப்பித்தேன். “பளபளன்னு இருந்த கல்லா பாத்து ஒளிச்சுக்கிட்டாரு அத்தா.” அத்தா நெடுநேரம் தாடியைச் சொறிந்தார். பிறகு போன் போட்டு, “லோடுக்கு எட்டாயிரம் தம்பி. கொறஞ்சா இல்ல” என்றார்.

எட்டாயிரம்! ஒரே நாளில் பத்து மடங்கு ஏற்றிவிட்ட பதினோராம் வகுப்பு மாணவன் இந்த மாவட்டத்தில் வேறு யார்?

அக்டோபர் 7, செவ்வாய்

போன் வந்தது. அத்தா ஸ்பீக்கரில்தான் பேசுவார், அதனால் எல்லோருக்கும் கேட்டது.

“அண்ணே, சாயம் ஏத்தின கல்லு எம்புட்டோ பாத்திருக்கேன். கில்ட் அடிச்ச கல்ல இப்பத்தான் பாக்கேன். ரேட்ட ஏத்தினது கூடப் பரவாயில்ல. மேக்கப் போட்டு ஏத்துனீங்க பாருங்க! வேற மில்லுல பேசிட்டேன்.”

“யாருய்யா மேக்கப் போட்டது? நான் தொழுகிறவன்யா!”

கட் ஆகிவிட்டது.

அத்தா முகம் சிவந்துபோனது. கழிசலை வாங்காமல் நழுவ அந்த ஆள் பழி போடுகிறான் என்றார். அம்மாவும் ஆமாம் என்றாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. செண்பகத்தோப்புப் பக்கம் மலையே தெரியவில்லை.

அக்டோபர் 25, சனி

இடையில் இரண்டு நாள் வெயில் அடித்தது. பாதிக் களத்தில் பாதிக் கல்தான் காய்ந்தது. ஈரத்தோடு அரைத்துப் பார்த்தார் அத்தா. மாவு சல்லடையில் களியாக அப்பிக்கொண்டது. மோட்டார் ஓடுகிறது, மீட்டர் ஓடுகிறது, மாவு மட்டும் ஓடவில்லை. நிறுத்திவிட்டார்.

பொறுக்க வந்த பெண்களைத் திருப்பி அனுப்பினார். வேலுத்தாய் அக்கா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, “வத்திராயிருப்புப் பக்கம் நடவுக்குப் போறேன் மொதலாளி. மில்லு ஓடுனா சொல்லி அனுப்புங்க” என்றாள். என்னைப் பார்த்து, “ஒழுங்காப் படிலே” என்றாள்.

எனக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிகிற மாதிரியே இருக்கிறது. அம்மா இரண்டு தடவை என்னை உற்றுப் பார்த்தாள். ஏன் பார்த்தாள்?

நவம்பர் 8, சனி

ராஜபாளையத்தில் பிரேம்குமாரின் பட்டறைக்குப் போனேன். ஆல்வின் துணைக்கு வந்தான். தெருமுனை வரைக்கும்தான் துணை.

லித்தியம் இல்லை. தகரக் கொட்டகை, ஒரு சின்ன கிரஷர், சுவரோரம் மஞ்சள், காவி, கறுப்புச் சில்லுகள் தனித்தனி மூட்டையாக. நடுவில் பாலீஷ் போட்ட ஒரு பலகை. அதில் எங்கள் களத்துக் கல் மாதிரியே மஞ்சள், ஆனால் நெய் மாதிரி மின்னியது. மொசைக் தரைக்காம். பழைய மோஸ்தர் திரும்பி வந்திருக்கிறதாம்.

“ஏலே, கில்ட் மில்லுக்காரர் மவன்தானே நீ?”

கழிசலை மறுபடி எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்க வந்ததை விட்டுவிட்டு, “எதுக்கு எச்சில் தொட்டீங்க?” என்றேன்.

சிரித்துவிட்டார். “நனைச்சாத் தெரியுற கலருதாம்ல பாலீஷுக்குப் பொறவு நிக்கும். இந்தா.” பாட்டிலைக் கையில் கொடுத்து ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். அசட்டுக் கல் ஒன்று அழகாகிவிட்டது.

“குவாரியில எடுத்தா ஒடைக்கிற கூலி, கவர்மெண்டுக்கு ராயல்டி, தூரத்து லாரி வாடகை. எல்லாம் சேந்து என்னய முழுங்கிரும். ஒங்க மில்லு பக்கம். ஒடச்ச கல்லு. ராயல்டி எப்பவோ கட்டின கல்லு. அதான் கேட்டேன்.”

“அத மொதல்லயே சொல்லிருந்தா—”

“சொன்னா ரோட்டோர மில்லுக்காரன் அம்புட்டுப் பேரும் கழிசலுக்கு வெல வச்சிருவான். நான் தரைக்குப் போடுறதுக்குப் பதிலா தலையில போட்டுக்கிடணும்.”

அவர் மறைத்ததால் நாங்கள் சந்தேகப்பட்டோம். நாங்கள் சந்தேகப்பட்டதால் அவர் எங்களைச் சந்தேகப்பட்டார். நடுவில் ஸ்ப்ரே டப்பாவோடு ஒரு மேதை.

சொன்னேன். “அடிச்சது நான்தான். அத்தாவுக்குத் தெரியாது.”

அவர் பாட்டிலை வாங்கி மூடினார். பிறகு, “அந்த இன்னொரு மில்லுக் கல்லுல களிமண்ணு சாஸ்தி” என்றார், என்னைப் பார்க்காமல். “எங்கிட்டச் சொன்னத ஒங்க அத்தாகிட்டச் சொல்லு. அவரு பேசட்டும். ஆனா இனி கல்லுக்குக் காசு கெடையாது. அள்ளிக்கிடுதேன், அம்புட்டுதான்.”

நவம்பர் 12, புதன்

இன்னும் சொல்லவில்லை. அத்தாவுக்கு ரத்த அழுத்தம். (இல்லை. எனக்குத்தான்.)

நவம்பர் 15, சனி

சொல்லிவிட்டேன்! நேற்று. அத்தாவின் முன்னால் நிமிர்ந்து நின்று, கண்ணைப் பார்த்து, ஒரு சொல் தடுக்காமல். ஆல்வினிடம் விவரித்தபோது அவனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அத்தா அடிக்கவில்லை, திட்டவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் என் தட்டில் முட்டையை வைத்தார். சந்தேகமாக இருக்கிறது.

நவம்பர் 19, புதன்

பள்ளி விட்டு வந்தால் லாரி நிற்கிறது. குன்றில் கால்வாசி இல்லை. அத்தாவும் பிரேம்குமாரும் ஒரே பெஞ்சில் டீ குடிக்கிறார்கள். “வாலே விஞ்ஞானி” என்றார் பிரேம்குமார். அத்தா திரும்பவில்லை. ஆனால் தாடிக்குள் என்னமோ அசைந்தது.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. களம் முழுக்க வெள்ளை. முதல் மூட்டைகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போன வாரமே போய்விட்டன. பிந்தித் தொடங்கியதால் போன வருஷ அளவுக்கு வியாபாரம் இல்லை என்கிறார் அத்தா, ஆனாலும் இருக்கிறது.

வேலுத்தாய் அக்கா திரும்பி வந்துவிட்டாள். இப்போது கழிசலைக் கலர் வாரியாகப் பொறுக்குகிறார்கள், அதற்குப் பிரேம்குமார் தனிக் கூலி தருகிறார். இன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டே இருந்தாள். கேட்டேன்.

“அன்னைக்கு ஒங்க அத்தா கழிசலக் கொட்ட எடம் கேட்டு வத்திராயிருப்பு வந்துட்டு, நான் ஏறின பஸ்ஸுலதாம்ல திரும்புனாவ. போன்ல ஒன் கொரலு. அவியளுக்குத்தான் சத்தத்தக் கொறைக்கத் தெரியாதே. டிரைவர் தொட்டு பஸ்ஸே கேட்டுச்சு. ரெண்டு தரம் போட்டாவ.”

ஆகவே நவம்பர் 15ஆம் தேதிக் குறிப்பில் ஒரு சிறு திருத்தம். நிமிர்ந்து நிற்கவில்லை. கண்ணைப் பார்க்கவில்லை. அத்தா ஊரில் இல்லாத நேரம் பார்த்து, பள்ளிக்கூடக் கக்கூஸில் கதவைச் சாத்திக்கொண்டு, வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். மூன்று தடவை அழித்துவிட்டு நான்காவது தடவை.

“கடேசில அழுதியேலே” என்றாள் அக்கா.

“அழல. சளி.”

அவள் ஒரு காவிக் கல்லைக் காவிக் குவியலில் போட்டாள்.

சரி. அழுதேன்.