வேலுத்தாயின் இடக் கன்னம்

3-3-1961, வெள்ளி
எம். புதுப்பட்டி பட்டாசு ஆலைத் தீயில் வேலுத்தாய்க்கு முகமும் கழுத்தும் வெந்துபோயின. ஆஸ்பத்திரிப் பதிவேட்டைப் பார்த்து நர்ஸ் பாக்கியவதி சொன்னது. தாசில்தாருக்குக் கம்பெனி எழுதிக் கொடுத்திருப்பது ‘லேசான காயம்’. 16ஆம் தேதி விசாரணை. வேலுத்தாய் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. அவளுக்குப் பதிலாகப் போட்டோவைக் கொடுக்கலாம் என்றேன்.

5-3-1961
எடுத்துவிட்டேன். ஃபிலிம் ரோலில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மற்ற பதினொன்றும் திறப்பு விழா.

வாசல் வெளிச்சத்தில் முந்தானையை விலக்கினாள். இடக் கன்னம் சுருண்டு கழுத்தோடு இழுபட்டிருந்தது. மூட முடியாத அந்தப் பக்கத்துக் கண் காமிராவை விட்டு நகரவில்லை. நான்தான் காமிராவைக் கீழே இறக்கினேன்.

“பயப்படாம எடுங்க அண்ணாச்சி. நாந்தான பயப்படணும்.”

இருபது வருஷமாகப் பத்திரிகைக்கு மாலை போட்ட முகங்களையே எடுத்திருக்கிறேன். முகம் என்பது இதுதானா?

6-3-1961
கம்பெனி மேனேஜர் இராமகிருஷ்ணன் பஸ் ஸ்டாண்டில் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். சிரித்த முகம்.

“அவ புருசன் ஊர்க்காவலன் நம்ம லோடுலதான போறான். வெடிச்சரக்கு பாருங்க, எங்கன தீப்பிடிக்கும்னு யாரு கண்டா?”



9-3-1961
ஸ்டூடியோ மாணிக்கராஜ் பிரிண்ட் கொடுத்தார். கன்னம் கல்யாணப் பெண்ணுக்குப் போல வழவழவென்று இருக்கிறது. நெகட்டிவையே சுரண்டி, பென்சில் தீட்டி — மூன்று நாள் வேலை. அம்மைத் தழும்பைக்கூட விட்டுவைக்காத ஸ்டூடியோ. தெரிந்தும் சொல்லாமல் கொடுத்தது என் தப்பு.

“பொம்பளப் பிள்ள முகம் சார். அப்படியே குடுத்தா வைவாகல்ல?”

இதைக் கொடுத்தால் ‘லேசான காயம்’ என்பதற்கு நானே சாட்சி. என்னடா செஞ்சு வச்சிருக்க என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

11-3-1961
வேலுத்தாயிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“எங்க அத்த மக கணக்கா இருக்கா. சேலை மட்டுந்தான் என்னுது.”

மேனேஜர் பேச்சையும் சொன்னேன். ஊர்க்காவலனும் கேட்டுக்கொண்டிருந்தான். மறுபடி எடுக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட மாட்டாளா என்றும் இருந்தது.

“வேணாம் அண்ணாச்சி. அதையும் யாராச்சும் அழகாக்கிருவாக. நானே வாரேன்.”

14-3-1961
ஊர்க்காவலன் லோடோடு மதுரை போயிருக்கிறான்.

15-3-1961, புதன்
லாரி மதியமே திரும்பியிருக்க வேண்டும். மணி ஆறரை. மதுரையில் சரக்கு இறக்கும் கடைக்கு டிரங்க் கால் போட்டேன். சரக்கு காலையிலேயே இறங்கிவிட்டதாம். அதற்கு மேல் அங்கே யாருக்கும் தெரியவில்லை.

பாக்கியவதி வந்தாள். ஊர்க்காவலன் வந்தாலும் வராவிட்டாலும் வேலுத்தாய் காலை எட்டரை மணி பஸ் ஏறுவாளாம். முகத்தை மூடாமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வாளாம். விசாரணை நாளை காலை பத்துக்கு.

லாரி பற்றி இன்னும் தகவல் இல்லை.