பேட்டரி இல்லாத வலை

உன் தம்பி வீட்டில் போய் ஒளிந்துகொண்டிருக்கும் என் புருஷனுக்கு,

நலம் விசாரிக்கப் போவதில்லை. நீ சௌக்கியமாகத்தான் இருப்பாய், செத்தது நீயில்லை.

நேற்றுக் காலை நம் ஊர் அக்தோபோல் கரையில் ஒரு கடல்பன்றி செத்து ஒதுங்கியது, வயிற்றில் குட்டியோடு. டால்பின் மாதிரித் துள்ளிக் காட்டத் தெரியாத பிராணி. மேலே வந்து ஒரு மூச்சு வாங்கிவிட்டு, உன்னைப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் முங்கிவிடும். ஏப்ரலில் அடிமணலில் இரை தேட நம் விரிகுடாவுக்கு வரும் என்று தெரிந்தேதான் அங்கே அடிவலை போட்டாய்.

கடல்பன்றிகளை ஆராய்கிற பிலியானா, அதன் உடம்பில் சுற்றியிருந்த வலையைத் தூக்கிக் காட்டினாள். "அக்கா, இதுங்க கிட்ட வராம இருக்கச் சத்தம் போடுற கருவியைக் கட்டித்தான் இருக்காங்க. உள்ள பேட்டரியக் காணோம். எந்த மகராசன் உருவினான்?"

"எங்க வீட்டு மகராசன்தான்டி. ரேடியோவுல கால்பந்து கேக்கணும்ல," என்றேன்.

பக்கத்தில் நின்ற மீன்வள அதிகாரி திரும்பிப் பார்த்தார். என் வாய் உன் வலையைவிட அகலம், நீயே சொல்லியிருக்கிறாய்.

திங்கட்கிழமை வந்து அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார். போட்டால் உன் படகு உரிமம் போய்விடும். போடத்தான் போகிறேன். புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று எதிர்வீட்டு ராத்கா இப்போதே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். சொல்லட்டும்.

திங்கள்வரை ஃபோன் மட்டும் செய்யாதே. உன் குரலைக் கேட்டுவிட்டால் எனக்குக் கையெழுத்து வராது.

இப்படிக்கு,
சட்டப்படி இன்னும் உன் பெண்டாட்டி