மடத்துப் படிக்கட்டு

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். லீவு முடியும்வரை இந்த விடுதிதான், இங்கேயே எழுது. நாம் சின்ன வயதில் வாயைப் பிளந்து பார்த்த சண்டைப் படங்களையெல்லாம் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் எடுத்தார்கள். இருபது பேர் வாளோடு ஓடி மறைந்த மூங்கில் காடு இருக்கிறதே, அது ஒரு லாரி ஷெட்டுக்குப் பின்னால் நாலே நாலு புதர்! உள்ளே புகுந்து 'ஹா!' என்று ஓர் உதை விட்டேன். லாரி கழுவிக்கொண்டிருந்தவர் குழாயைக் கீழே போட்டுவிட்டார்.

நீயும் வந்திருக்க வேண்டியது. முழங்கால் ஆபரேஷன் ஆகி நாலு மாதம் ஆகிறதே, தெருவுக்காவது இறங்கினாயா? அத்தானைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

உன்
வாலு

மார்ச் 8

அடி வாலு,

நாற்பத்தெட்டு வயதில் லாரி ஷெட்டில் உதையா? கண்ணாடிக் கடையில் உன்னை நம்பிக் கண்ணைக் காட்டுகிறவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

இறங்கவில்லை, போதுமா? "தாராளமா இறங்கலாம்மா" என்கிறார் டாக்டர். அவருக்கென்ன, லிஃப்டில் போகிறவர். இருபத்திரண்டு வருடம் ஓடுகிற பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவள் நான். இப்போது மாடிப்படியைப் பார்த்தாலே கால் வெடவெடக்கிறது. வெட்கமாக இருக்கிறது, யாரிடமும் சொல்லித் தொலைக்காதே.

அந்த மடத்துப் படிக்கட்டு? படத்தில் இரண்டு குடத்தோடு விடிந்ததிலிருந்து இருட்டும்வரை ஏறுவானே நம் வீரன், அது? எனக்காக ஏறிவிட்டு வா.

அக்கா

மார்ச் 14

அக்கா, அக்கா,

ஏறிவிட்டேன். மொத்தம் எத்தனை தெரியுமா? இருபத்தாறு! அங்கே காவலுக்கு இருக்கும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "எல்லாரும் எண்ணிட்டுத் திட்டிட்டுத்தான் போவாங்க. கேமராவை மாத்தி மாத்தி வெச்சு அதே படியில ஏத்தினாங்க. குடத்துல சொட்டுத் தண்ணி கிடையாது."

இன்னும் கேள். நம் வீரனுக்கு இறங்கப் பயமாம்! "குழந்தை மாதிரி உக்காந்து உக்காந்துதான் இறங்குவாரு. எங்களை அந்தப் பக்கம் திரும்பிக்கச் சொல்லுவாரு."

அவனைப் பார்த்து நாமும் வாளியோடு படியேறி நம் அம்மாவிடம் விளக்குமாற்றால் அடி வாங்கினோமே, அக்கா!

வாலு

மார்ச் 20

என் தங்கமே,

இதைக் கீழே, தையல் கடை ஸ்டூலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், கீழே!

அத்தானை அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னேன். பதினோரு படி உட்கார்ந்தபடி. பன்னிரண்டாவதில் இரண்டாம் மாடிக்காரர் கதவைத் திறந்து, "என்னக்கா, ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்றார். மானம் போகிறதே என்று கம்பியைப் பிடித்து எழுந்தேன். எழுந்தவள் நின்றே இறங்கிவிட்டேன்டி! மொத்தம் நாற்பத்திரண்டு படி. தெருவைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

அத்தான் பால்கனியிலிருந்து கத்துகிறார், "சரி, எப்படித் திரும்ப ஏறுவே?" அதை நான் யோசிக்கவே இல்லை.

"கொஞ்சம் இருங்க, முகத்துல வெயில் படுது" என்றேன்.

அக்கா