கல்லில் இருப்பது என் அண்ணன் பெயர்

என் அருமை ஞானராஜ் அண்ணா,

நீ போய் ஐந்து வருடம் ஆகிறது. இத்தனை நாள் எழுதாதவள் இன்று எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால், கோபம்தான் காரணம். உன் மேல் இல்லை. எட்டு வருடம் நீ வாடகைக்குக் குடியிருந்து, தினமும் சைக்கிளில் எர்லாங்கனுக்கு வேலைக்குப் போய்வந்து, கடைசியில் அடக்கமும் ஆகிவிட்ட இந்த ஜெர்மன் கிராமத்தின் மேல்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் வீட்டுக்காரர் அந்தப் பழைய வீட்டின் மரச்சட்டங்களை ஆஸ்பெஸ்டாஸ் தகடு வைத்து மூடிவிட்டார். தெருவில் முக்கால்வாசி வீடுகளுக்கு அலுமினியக் கதவு வந்துவிட்டது. சனிக்கிழமைதோறும் பெண்கள் முறை வைத்து ரொட்டி சுட்டார்களே, அந்தப் பொது அடுப்புக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அங்கேதான் இப்போது பஸ் திரும்புகிறது. இடித்த அன்று மேயர், "காலத்தோடு நாமும் போகணும்" என்று பேசினாராம்.

இதையெல்லாம் நான் குறை சொல்லவில்லை. உன்னைப் பார்க்க வந்த முதல் குளிர்காலத்தில், பனியில் முற்றத்தைக் கடந்து கக்கூஸுக்குப் போனவள் நான். வெந்நீர்க் குழாயின் அருமை எனக்குத் தெரியும். அவர்கள் வீடு, அவர்கள் கதவு, எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அப்படி மாற்றியவர்கள் என்னிடம் வந்து பாரம்பரியம் பேசினால் எனக்கு எப்படி இருக்கும்? நீயே சொல்.

இந்த வருடம் அழகான கிராமங்களுக்கான போட்டியில் நம் ஊர் பெயர் கொடுத்தது. பழைமையைக் காப்பாற்றினால் தனி மதிப்பெண் உண்டாம். உடனே எல்லா ஜன்னலிலும் பூந்தொட்டி தொங்கியது. மேயர், நான் தங்கி ஆய்வு செய்யும் எர்லாங்கனுக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். போனேன். கண்ணாடிக் கட்டிகள் பதித்த புது வாசலில் நின்றுகொண்டு, 'ஃப்ரொய்லைன்' என்று மரியாதை வைத்துத்தான் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க, ஃப்ரொய்லைன் கிரேஸ். உங்க அண்ணன் கல்லுல மேல இருக்கிற அந்த எழுத்து, நம்ம கல்லறைத் தோட்டத்தோட பாரம்பரியத்துக்குப் பொருந்தல. நடுவருங்க வர்ற அன்னைக்கு மட்டும் முன்னால ஒரு செடி இருந்தா நல்லாருக்கும்."

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எழுத்து எப்படி அங்கே வந்தது தெரியுமா அண்ணா? உனக்குத் தெரிய வழியில்லை. நீ போன செய்தி கிடைத்ததும் மாயவரத்திலிருந்து அம்மா எழுதினாள். "நான் அங்க வந்து பாக்கப் போறதில்ல. போட்டோவாச்சும் அனுப்பு. எம்புள்ள பேர எனக்குப் படிக்கத் தெரிஞ்ச எழுத்துல வெட்டச் சொல்லு." நான் வெண்ணெய்த்தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். கல்தச்சர் அதைக் கல்லில் ஒட்டி, மூன்று நாள் உட்கார்ந்து வெட்டினார். மேலே தமிழில் உன் பெயர், கீழே ஜெர்மனில் சின்னதாக அதே பெயர். போதகர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை.

"முடியாது" என்றேன் மேயரிடம். ஆய்வு வேலையாக இரண்டு வாரம் கார்ஹிங் என்ற ஊருக்குப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் கல்லுக்கு முன்னால் இடுப்புயரத்துக்கு ஊசியிலைச் செடி! என்னைக் கேட்காமல், நான் இல்லாத நேரம் பார்த்து நட்டிருக்கிறார்கள். இரண்டு கையாலும் பிடுங்கினேன். வேரும் மண்ணுமாகத் தூக்கிக்கொண்டு போய் அந்தக் கண்ணாடி வாசலில் போட்டுவிட்டு வந்தேன். வழியில் பார்த்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். என் முகம் அப்படி இருந்திருக்கும்.

மறுநாள் நடுவர்கள் வந்தார்கள். அதில் ஒருவர் உன் கல்லின் முன்னால் நின்று, "அடடா, இது வேறெந்த ஊரிலும் இல்லையே" என்றாராம். ஊருக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. அவ்வளவுதான், மேயர் அப்படியே மாறிவிட்டார். நேற்று வரை மறைக்க வேண்டிய கல், இன்று ஊரின் பெருமை. பதக்கம் வாங்கியதைக் கொண்டாட ஒரு புத்தகம் போட்டார்கள். அதில் உன் கல்லுக்கு ஒரு முழுப் பக்கம். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு அதைக் கொண்டுவந்து காட்டியது பாபெட். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறாளே, நீ எப்போதும் கேலி செய்வாயே, அதே பாபெட்தான். ஊரை விட்டு நகராதவள், பஸ் ஏறி எர்லாங்கனில் என் விடுதி அறைக்கு வந்துவிட்டாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் புத்தகத்தை விரித்தாள்.

"பாரு பொண்ணே. இது நம்ம கல்லு இல்ல. இந்தச் சுழி அந்தப் பக்கம்ல இருக்கணும்?"

படத்தைத் திருப்பிப் போட்டு அச்சடித்திருந்தார்கள் அண்ணா. கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாக இருந்தது. ஜெர்மன் வரியையும் வெட்டிவிட்டதால் அச்சகத்தில் யாருக்கும் தெரியவில்லை. கீழே என்ன போட்டிருந்தார்கள் தெரியுமா? 'தொன்மையான இந்திய வாழ்த்து.' லூத்தரன் சபையில் ஞானஸ்நானம் வாங்கிய மாயவரத்து எஞ்சினியர் நீ, தொன்மையான வாழ்த்தாகிவிட்டாய். அதுவும் இடம்வலம் மாறிய வாழ்த்து.

"உனக்கு எப்படித் தெரிஞ்சது?" என்று பாபெட்டைக் கேட்டேன்.

"அஞ்சு வருஷமா வசந்தத்துல பாசி எடுக்கிறேன். பல் துலக்குற பிரஷ்ஷால ஒவ்வொரு குழியா. என் விரலுக்குத் தெரியும்" என்றாள். அழுதேன்.

இரண்டு பேருமாக மேயரிடம் போனோம். அவர் படத்தை இப்படியும் அப்படியும் பார்த்தார். தோளைக் குலுக்கினார்.

"யாருக்குத் தெரியப்போகுது? இதைப் படிக்க இங்க யாரு இருக்கா?"

"படிக்கத் தெரியாத எனக்கே தெரிஞ்சுது. நீ என்ன பெரிய மேயரு?" பாபெட் மேசையில் ஓங்கித் தட்டினாள்.

அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, அப்படி என்னதான் வாழ்த்து எழுதியிருக்கு அதுல?"

ஐந்து வருடத்தில் அந்தக் கேள்வியை ஒருவரும் கேட்டதில்லை அண்ணா. பொருந்தவில்லை என்றார்கள், அழகு என்றார்கள், செடி வைத்தார்கள், படம் பிடித்தார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் கேட்கவில்லை.

"வாழ்த்து இல்ல. அது எங்க அண்ணன் பேரு. ஞானராஜ்" என்றேன்.

மேயர் கண்ணாடியைக் கழற்றினார். "நம்ம ராட்ஷா?" என்றார். ராஜ் என்பது இவர்கள் வாயில் அப்படித்தானே வரும். நீ அவருடைய ரேடியோவை எத்தனை தடவை பழுது பார்த்திருப்பாய்? எத்தனை ஞாயிறு அவரோடு ஒரே மேசையில் பீர் குடித்திருப்பாய்? உன்னைத் தெரியாதவர் இல்லை அவர். அந்த எழுத்துதான் நீ என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வெள்ளிக்கிழமை ஊர்க் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம் என்றிருக்கிறார். நீ இருந்திருந்தால், "விடு கிரேஸ், போனாப் போகுது" என்று சிரித்திருப்பாய். உன் பெருந்தன்மை உன்னோடு இருக்கட்டும். என்னிடம் அது கிடையாது.

ஆய்வு முடிந்து இலையுதிர்காலத்தில் நான் மாயவரத்துக்குக் கிளம்ப வேண்டும். அதற்குள் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, படத்தை நேராக்கி, கீழே உன் பெயரை அச்சடித்துத் தந்தால்தான் புத்தகத்தை அம்மாவிடம் கொண்டு போவேன். இல்லையென்றால் வெறுங்கையோடு போய் நடந்ததைச் சொல்வேன். எது எப்படியானாலும் வெள்ளிக்கிழமை நான் எழுந்து நிற்பேன். மேயர் முதல் கடைசி வரிசை வரை, அத்தனை பேரையும் உன் பெயரை முழுதாகச் சொல்ல வைப்பேன். நாக்குப் புரளவில்லை என்றால் புரளும்வரை உட்காரட்டும். இது சத்தியம்.

கூட பாபெட்டும் வருகிறாள், நேற்றே உன் பெயரை ஏழெட்டுத் தடவை சொல்லிப் பழகிவிட்டாள்.

உன் பெயரை ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காத
உன் தங்கை,
கிரேஸ்